பேண்டு செட்டும் என் டெக்னோவும்

டெக்னோ இசையை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தலைவலி வந்தது. என்னை இழுத்துக்கொண்டு போனவள் என் அலுவலகத் தோழி. பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் பிரிவில், நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக வந்து பொம்மனஹள்ளியில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். அவள் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். கோபம் வந்தால் உருது.

அது இந்திராநகரில் ஒரு மொட்டைமாடி உணவகம். ஞாயிற்றுக்கிழமை மதியம். மாடியின் மூலையில் ஒரு பெண் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள். டும் டும் டும் டும் என்று ஒரே அடி.

"பாட்டு எங்கடீ?" என்றேன்.

"பாட்டெல்லாம் கிடையாது. கீழ பாரு, உன் காலு என்ன பண்ணுதுன்னு."

மேசைக்கடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் என் கால் எடுத்த முடிவு அது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தாளமல்ல. ஒரு இசைத்துண்டு முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எட்டு வருடமாக ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒன்று இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான் எந்த மென்பொருளும் உடையும். இங்கே ஒட்டுப்போட்ட தடயமே இல்லை. தலைவலியோடு மாலை வரை அங்கேயே உட்கார்ந்து தேடினேன். தோழி இரண்டு முறை கிளம்பலாம் என்றாள். நான் எழவில்லை.

அடுத்த மாதம், வெளிநாட்டுக்குக் குடிபெயரும் ஒருவரிடமிருந்து பழைய டிஜே கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். பார்க்க இரண்டு தோசைக்கல்லை ஒரு பலகையில் பதித்ததுபோல இருக்கும். இடப்பக்கத் தட்டில் ஒரு பாட்டு, வலப்பக்கத் தட்டில் ஒரு பாட்டு, நடுவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு நீளமான ஸ்லைடர். அதை மேலும் கீழும் தள்ளினால் பாட்டின் வேகம் மாறும். ஒரு பாட்டு நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு அடி, இன்னொன்று நூற்று முப்பத்திரண்டு என்றால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சேர்த்து ஒலிக்கவிட முடியும்.

இந்த வேலையைச் செய்ய அதில் 'சிங்க்' என்று ஒரு பட்டனும் இருந்தது. அழுத்தினால் இயந்திரமே வேகத்தைப் பொருத்திவிடும். முதல் வாரம் நான் அதைத்தான் அழுத்தினேன். தோழி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"டிஜே அந்தப் பட்டன்தான். நீ யாரு, அதுக்கு பிஏவா?"

ரோஷத்தில் அந்தப் பட்டன் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினேன். அதன்பிறகு காதால் மட்டும்தான். ஒரு காதில் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டு, மறு காதில் ஹெட்போனில் அடுத்த பாட்டு. வேகம் பொருந்தாதபோது இரண்டு பேர் செருப்போடு மாடிப்படி இறங்குவதுபோல டக்கடக் டக்கடக் என்று கேட்கும். ஸ்லைடரை மயிரிழை தள்ளி, தட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தேய்த்து முன்னே பின்னே நகர்த்தினால், ஒரு கட்டத்தில் இரண்டு காலடியும் ஒன்றாகி ஒரே ஆள் இறங்குவதுபோலக் கேட்கும். முதல் தடவை அது நடந்தபோது அறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். சத்தம் என்று சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கையில் முறுக்குத் தட்டோடு மேலே ஏறி வந்தார். கட்டில் நுனியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கால்மணி நேரம் கழித்து, "அல்லம்மா, ஹாடு, பாட்டு, எப்போ ஷுரு ஆகுது?" என்றார்.

"இதுதாங்க ஆன்ட்டி பாட்டு."

"ஓ," என்று தலையாட்டினார். "நான் மிஷினு ரெடி ஆகுதுன்னு நெனச்சேன்." முறுக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே இந்திராநகர் மாடியில் புதியவர்களுக்கு ஒரு ஞாயிறு மதியம் இடம் தந்தார்கள். நான் போய் நின்றேன். முதல் பாட்டு நன்றாக ஓடியது. இரண்டாவதை ஹெட்போனில் பிடித்து, வேகத்தைத் துல்லியமாகப் பொருத்தி, தைரியமாக ஒலியை ஏற்றினேன். அடிகள் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன. ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. முன்னால் இருந்த மேசையில் ஒருவர் வாயில் வைத்த உருளைக்கிழங்கு வறுவலை மெல்லாமல் நிறுத்திவிட்டார். தோழியின் முகம் மாத்திரையைக் கடித்துவிட்டதுபோல இருந்தது.

இறங்கி வந்ததும் கேட்டேன். "பீட் சரியாத்தானே இருந்துச்சு?"

"பீட் பக்காவா இருந்துச்சு டீ. ஆனா ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து அழுவுற மாதிரி இருந்துச்சு. வேற வேற காரணத்துக்கு."

இதைவிடச் சரியான பிழை அறிக்கையை அலுவலகத்தில்கூட நான் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பாட்டுகளையும் அடி இல்லாமல், மேலே மிதக்கும் ஒலியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றின் சுருதி வேறு, இன்னொன்றின் சுருதி வேறு. வேகம் ஒத்துப்போய்ச் சுருதி ஒத்துப்போகாவிட்டால் சண்டை இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கணினித் திரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே 4A, 9B என்று ஏதோ எழுதியிருக்கும். நான் அதை ஏதோ கோப்பு எண் என்று நினைத்து மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன். அதுதான் சுருதியின் அடையாளம். கடிகார முகம்போல ஒரு வட்டத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. A என்றால் சோகச் சாயல், B என்றால் கொஞ்சம் வெளிச்சம். 4A-யில் இருக்கும் பாட்டுக்கு அதே 4A பொருந்தும். வட்டத்தில் பக்கத்து வீடுகளான 3A, 5A பொருந்தும். அதே எண்ணில் இருக்கும் 4B-யும் பொருந்தும். தூரத்து வீட்டுக்குத் தாவினால் மேசையில் இருப்பவர் வறுவலை மெல்ல மாட்டார்.

வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே ஏறி இறங்கும், பழைய டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாட்டு இழுபடுமே, அதுபோல. அப்படி ஆகாமல் சுருதியை மட்டும் பூட்டி வைக்கவும் ஒரு பட்டன் இருந்தது. இதற்கு நான் பிளாஸ்திரி ஒட்டவில்லை.

ஆறு மாதத்தில் அந்த மாடியில் மாதம் ஒரு ஞாயிறு எனக்கு என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸ்ரீராம்புரம். அவளே பார்த்து, அவளே பேசி, கடைசியாக வீட்டில் சொன்ன கல்யாணம். வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வந்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குப் பேண்டு செட்டா, டிஜேவா?

அவளுடைய தாய்மாமா நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். "பேண்டு இல்லாம நம்ம வூட்ல எந்தக் கல்யாணம்மா நடந்திருக்குது? உங்கம்மாவுக்கும் பேண்டுதான், எனக்கும் பேண்டுதான்." முன்பணமும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் நண்பர்களோ அவர்கள் பங்குக்கு ஒரு மினி லாரி, ஆளுயர ஒலிபெருக்கிகள், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். டிஜே யார் என்ற கேள்விக்குத் தோழி என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"எங்கிட்ட டெக்னோதான் டீ இருக்கு. கல்யாண ஊர்வலத்துல யாரு ஆடுவா?"

"மர்பி டவுன்ல குக்கர் விசில் வந்தாக்கூட ஆடுவாங்க. நீ வா."

மாலை வெயில் தணிந்த நேரம். கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். முன்னால் பேண்டு செட்: சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, இரண்டு சைடு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு தமட்டை, மரக்காஸ் குலுக்க ஒருவர், எல்லோருக்கும் நடுவில் ட்ரம்பெட்காரர். என் வயதுதான் இருக்கும். வாரநாட்களில் கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிப்பவர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கோட்டில் தளபதி மாதிரி நின்றார். பின்னால் பூப்போட்ட காரில் மாப்பிள்ளை. அதற்கும் பின்னால் மினி லாரியின் மேல் நான்.

அவர்கள் ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் கையைக் காட்ட நானும் ஆரம்பித்தேன்.

என்ன நடந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு வேகம், இரண்டு சுருதி, நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை. அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மாடிகளில் வேடிக்கை பார்த்தவர்கள் காதைப் பொத்தினார்கள். தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியை நோக்கி வந்தார்.

"ஏம்மா, அத்த நிறுத்து! பேண்டு வாசிக்கிறது காதுல வுழல?"

"மாமா, எங்க காசும் காசுதான்," என்று மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் குறுக்கே வந்தான். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு சமரசம் பேசினார்கள். முதல் பத்து நிமிடம் யாருக்கு என்பதில் மறுபடியும் சண்டை. ஊர்வலம் நகரவே இல்லை. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன, அவையும் வேறு சுருதியில்.

நான் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து குதித்தேன். நேரே ட்ரம்பெட்காரரிடம் போனேன். "அண்ணா, ரெண்டு பேரும் சேந்தே வாசிக்கலாமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், உங்களுது மிஷினு. மிஷினு போற வேகத்துக்கு நாங்க ஓட முடியாது."

"நீங்க ஓட வேணாம். நான் உங்க பின்னாடி வரேன். வேகம் ஏறாம ஒரே மாதிரி வாசிச்சீங்கன்னா போதும்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏறாமயா? பதினஞ்சு வருசமா வாசிக்கிறேன். எங்க செட்டு கடிகாரம் மாதிரி. இன்னிக்கு வரைக்கும் ஏறுனதே இல்ல."

பெரிய டிரம்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

"சரிண்ணா. இன்னொண்ணு, நீங்க பாட்டை எடுக்குற சுரத்தை மட்டும் நீளமா ஒருதடவை ஊதிக் காட்டுறீங்களா?"

இதற்கு அவர் மறுக்கவில்லை. கண்ணை மூடி ஒரே சுரத்தை ஊதினார். தெரு முழுக்க நிறைந்தது. ஹாரன்கள்கூடக் கொஞ்ச நேரம் நின்றன. நான் அதை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று யாரோடும் பேசாமல் லாரிக்கு ஓடினேன். வழியில் தாய்மாமா ஏதோ கேட்டார். முனகிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினேன். பாவம், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம்.

ஹெட்போனில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் அவருடைய சுரம் வட்டத்தில் 3A வீட்டில் உட்கார்ந்தது. அந்த வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் என்னிடம் பாட்டுகள் இருந்தன. ஆனால் எடுத்தவுடன் அவற்றைப் போடவில்லை. வெறும் தாளம் மட்டும் உள்ள ஒன்றை எடுத்தேன். அதில் சுருதியே கிடையாது, அதனால் யாரோடும் சண்டைக்குப் போகாது.

பேண்டு மறுபடி ஆரம்பித்தது. நிமிடத்துக்கு நூற்றுப்பதினெட்டு இருக்கலாம். என் பாட்டோ நூற்று முப்பது. சுருதியைப் பூட்டிவிட்டு ஸ்லைடரைக் கீழே இழுத்தேன், இழுத்துக்கொண்டே போனேன். பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த பட்டனால் இங்கே ஒரு பயனும் இல்லை. அதற்கு இரண்டு தட்டுகளில் ஓடும் பாட்டுகளைத்தான் தெரியும்; தெருவில் நடந்து போகும் டிரம்காரரைத் தெரியாது. பெரிய டிரம் அடிப்பவரின் கை மேலே போவதைக் கண்ணால் பார்த்து, அடி விழுவதைக் காதால் வாங்கி, தட்டின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினேன். டக்கடக், டக்கடக், டக்.

உட்கார்ந்தது.

ஒலியை மெல்ல ஏற்றினேன். அவருடைய பெரிய டிரமுக்கு அடியில் என் அடி ஒரு மெத்தைபோலப் போய்ப் படுத்தது. டிரம்காரர் நடந்துகொண்டே சடாரென்று தன் டிரமைக் குனிந்து பார்த்தார். அவர் அடிப்பது திடீரென்று நாலு மடங்காகக் கேட்டால் வேறென்ன செய்வார்? பிறகு லாரியைத் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அடுத்து 3A பாட்டின் தாழ்ந்த நாதத்தை உள்ளே விட்டேன். ட்ரம்பெட் அதன்மேல் ஏறி நின்றது. கார்க் கண்ணாடி இறங்கியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒருபக்கமும் தாய்மாமாவின் ஆட்கள் ஒருபக்கமும் ஆடத் தொடங்கி, தெருவின் அகலம் போதாததால் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

கடிகாரம் மாதிரி என்றாரே, அந்தப் பேண்டு தெருமுனை திரும்புவதற்குள் வேகமெடுத்துவிட்டது. ஆட்டம் சூடானால் அடியும் சூடாகிறது. என் ஸ்லைடர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. டெக்னோவின் சொந்த வேகத்துக்கே அவர்கள் என்னைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

மண்டபம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஜெனரேட்டர் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது. டீசல் காலி. என் ஒலி மொத்தமும் போய்விட்டது. பேண்டு மட்டும் வாசித்துக்கொண்டே போனது, ஆனால் திடீரென்று மெலிந்து கேட்டது. கூட்டம் "ஏஏஏ" என்று கத்தியது. யாரோ டீசல் கேனோடு ஓடிவந்தார்கள். தாய்மாமாவேதான்! மடித்துக் கட்டிய வேட்டியோடு, "ஊத்துப்பா, சீக்கிரம் ஊத்து, மண்டபம் வந்துடப்போவுது!" என்று டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

மின்சாரம் திரும்பியது. வேகத்தைப் பிடித்தேன். பிடித்தவுடன் அவசரத்தில் ஒலியை ஏற்றினேன். வேகம் சரி, சுருதி சரி. ஆனால் நாலு அடியில் எது முதல் அடி என்று பார்க்க மறந்துவிட்டேன். பேண்டின் மூன்றாம் அடியில் என்னுடைய முதல் அடி விழுந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். ட்ரம்பெட்காரர் லாரியை முறைத்தார். நான் இரண்டு கைகளையும் கூப்பினேன்.

அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. ஊதிக்கொண்டிருந்த சுரத்தை அப்படியே நீட்டிப் பிடித்தார். இடது கையைத் தூக்கி டிரம்காரர்களிடம் பொறு என்று காட்டினார். என்னுடைய அடுத்த முதல் அடி வரும்வரை காத்திருந்து, கையைக் கீழே இறக்கினார். மொத்தப் பேண்டும் என் அடியின்மேல் வந்து விழுந்தது. பின்னால் வருவதாக வாக்குக் கொடுத்தவள் நான். அவர் என் பக்கம் வந்துவிட்டார். லாரியின்மேல் நின்றுகொண்டு நான் கத்தியது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியாது.

மண்டபத்து வாசலில் மணப்பெண் காத்திருக்க வேண்டும் என்பது முறை. அவள் காத்திருக்கவில்லை. அலங்காரம் செய்த பெண் பின்னாலேயே ஓடிவர, புடவை மடிப்பை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். "சக்கத்தா இருக்கு டீ, செமையா இருக்கு!" என்று லாரியைப் பார்த்து அலறிவிட்டு மாப்பிள்ளையைக் காரிலிருந்து இழுத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் ட்ரம்பெட்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு பிரியாணியைப் பிசைந்தபடி, "நல்லா வந்தீங்க மேடம். நாங்க ஒரே வேகத்துல போனதால உங்களுக்கு ஈசியா இருந்திருக்கும்," என்றார்.

"அண்ணா, நூத்துப்பதினெட்டுல ஆரம்பிச்சு நூத்துமுப்பதுல முடிச்சீங்க."

"அது உங்க மிஷினு தப்பா காட்டுது."

"மிஷின் காட்டலைண்ணா. கையில ஸ்லைடரை நான்தான் தள்ளுனேன்."

"அப்போ நீங்கதான் வேகமா தள்ளியிருக்கீங்க. நாங்க பாவம்னு கூட வந்தோம்." பக்கத்தில் இருந்த பெரிய டிரம்காரருக்குப் புரையேறியது. இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

இரண்டு மாதம் கழித்து இந்திராநகர் மாடியில் என் ஞாயிறு வந்தபோது, ஒரு ட்ரம்பெட்காரரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று மேலாளரைக் கேட்டேன். ஒருவர்தானே, வரட்டும் என்றார். அன்று மதியம் வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. சிவப்புக் கோட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மேலாளர் என்னைப் பார்த்தார். "ட்ரம்பெட்னு தானே சொன்னீங்க?"

ட்ரம்பெட்காரர் முன்னால் வந்தார். "டிரம்மு இல்லாம ட்ரம்பெட்டு எப்டி சார் வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெரிய டிரமை லிஃப்டுக்குள் நுழைக்க முடியுமா என்று பார்க்கப் போனார். நுழையவில்லை. படியேற்றித்தான் தூக்கினார்கள். மேலாளரும் ஒரு பக்கம் பிடித்தார்.

தோழியும் அவள் கணவரும் முன் மேசையில் இடம் பிடித்திருந்தார்கள். நான் வேகத்தை எவ்வளவில் வைக்க என்று ட்ரம்பெட்காரரிடம் கேட்டேன். அவர் மாடியின் விளிம்புவரை போய்க் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"சாப்ட்டுக்கினு இருக்காங்க மேடம். மெதுவா ஆரம்பிக்கலாம்," என்றார்.